மதியத்துக்காரன்

சிகாகோவின் தெற்குப் பக்கம்
எங்கள் பள்ளிக்கூடத்தில்
ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர்.
எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நான்.
பன்னிரண்டிலிருந்து நான்கு வரை
யாரோ.

நான் உட்காரும்போது பலகை பனிக்கட்டி.
எழுந்திருக்கும்போது சூடு.
அந்தச் சூடு முழுக்க அவனுக்குப் போய்விடும்.
வெகுநாள் ஆத்திரம் எனக்கு.

மேசை மூடியில் ஆணியால்
'எல்' என்று கீறி வைத்திருந்தான்.
மிஸ் ஹாப்குட் என்னை மூலையில் நிறுத்தினார்.
வெர்னீஸ் என்ற பெயரில்
எங்கே இருக்கிறது எல்?
சொல்லிப் பார்த்தேன். நின்றேன்.

ஒரு தாளில் எழுதி மேசைக்குள் வைத்தேன்:
உன்னால் நான் நின்றேன்.
அடுத்த காலை, அதே தாளின் முதுகில்:
நான் ஒன்றுவிட்டு ஒருநாள் நிற்கிறேன்.
மதியத்தில் நாங்கள் ஐம்பத்திரண்டு பேர்.

அதற்குமேல் சண்டையை எப்படி வளர்ப்பது?
பாதி பென்சில் வைத்தேன்.
பல் பதிந்து திரும்பி வந்தது.
ஒருமுறை நான்கு வேர்க்கடலை.
ஒருமுறை வீட்டுக்கணக்குக்கு விடை,
தப்பான விடை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிகளில்
அறை அறையாகக் காலி.
எண்ணிவிட்டு வந்தவர் மிஸ்டர் எல்ஸ்பெரி.
இரவெல்லாம் தபால் பிரித்துவிட்டு
பகலில் தூங்காமல் போய்
வேலிக்கு வெளியே நின்று எண்ணினார்.
போலீஸ்காரர் வந்து பெயர் கேட்டாராம்.
எழுத்துக்கூட்டிச் சொன்னாராம் இவர்,
அவசரமே இல்லாமல்.

அந்த அக்டோபரில் ஒருநாள்
எந்தப் பிள்ளையும் பள்ளிக்குப் போவதில்லை என்று
எங்கள் பேட்டை முடிவெடுத்தது.
தேவாலயத்தின் நிலவறை நிரம்பி
மிச்சப் பேரை அனுப்பினார்கள்
மிஸஸ் ப்ரூயிட்டின் அழகு நிலையத்துக்கு.

சூட்டுச் சீப்பில் கருகிய முடியின் வாசனை.
முடி உலர்த்தும் தொப்பிகளுக்குக் கீழே
வரிசையாக உட்கார்ந்தோம்.
கரும்பலகை இல்லை. கண்ணாடி இருந்தது.
உதட்டுச் சாயத்தால் அதில் பின்னங்கள் எழுதினார்கள்.
தொகுதிக்கும் பகுதிக்கும் நடுவே
என் மூக்கு தெரிந்தது.

மிஸ்டர் எல்ஸ்பெரி சுவரில் நகர வரைபடம் மாட்டி
காலி இருக்கைகளுக்குக் கொண்டை ஊசி குத்தினார்.
ஊசிக்குப் பத்து இருக்கை.
ஒரு பெட்டி தீர்ந்தது.
மிஸஸ் ப்ரூயிட் பேசாமல்
இன்னொன்றைப் பிரித்துக் கொடுத்தார்.

பெயர் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.
பக்கத்துப் பையன் 'லூசியஸ்' என்றான்.
அவன் கையில் பென்சில்.
அந்தப் பல்லை எனக்குத் தெரியும்.

'நீயா எல்?'
'நீயா காலைக்காரி?'

என்னைவிடக் குள்ளம். ஒரு காதில் பஞ்சு.
மனசுக்குள் இத்தனை நாள் நான் அடித்த பையன்
நல்ல உயரமாயிருந்தான்.

எங்களுக்கு அன்று ஆளுக்கொரு நாற்காலி.
சிவப்பு ரெக்சின் போட்டது, கைப்பிடி வைத்தது,
உதைத்தால் சுற்றுவது.
அதற்குமேல் பேசவில்லை.
சுற்றினோம்.
மிஸஸ் ப்ரூயிட் அதட்டும் வரை சுற்றினோம்.

மறுநாள் எட்டு மணி. அதே பலகை.
எங்களுக்கு ரொட்டி வெட்ட வந்ததற்காக
இறைச்சிக் கிடங்கில் அம்மாவுக்கு
ஒருநாள் கூலி பிடித்தார்கள்.
பத்திரிகையில் எங்களை எண்ணிப் போட்டிருந்தார்கள்.
அந்த எண்ணில் நான் எங்கே என்று தேடி
கடைசி இலக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் விளையாடும் இடத்தை அடைத்துக்கொண்டு
தகர வண்டிகள் வந்து நின்றன.
அவைதான் புதிய வகுப்பறைகள் என்றார்கள்.
லூசியஸை அதில் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

போவதற்கு முன் மேசைக்குள் வைத்திருந்தான்
ஒரு கொண்டை ஊசி.
தாளில்:
வரைபடத்திலிருந்து எடுத்தேன். பத்து இடம்.
ஒன்று எனக்கு.
மிச்சத்தை யாருக்குத் தரலாம், நீ சொல்.

தலையில் செருகிக்கொண்டு அன்று
ரயில் பாதை வரை நடந்தேன்.
சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது.
நின்று பெட்டிகளை எண்ணினேன்.